'சரி' என்று சொல்லும் பெட்டி: நெட்வொர்க் சுவிட்ச் ஏபிஐகள் பற்றி ஒரு விமர்சனம்

ஒரு நெட்வொர்க் சுவிட்சிடம் புரோகிராம் வழியாக ஒரு வேலை சொல்கிறோம்: "இந்த முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டுகளை உள்ளே விடாதே." சில மில்லிசெகண்டில் பதில் வருகிறது: "சரி." இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியதுதான்.

சுவிட்ச் ஏபிஐகளில் பழுது பார்ப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிழைச் செய்திகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இந்தப் பிழை வந்தால் இதைப் பார், அந்த எண் வந்தால் அதை மாற்று என்று. அது பயனுள்ள வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பிழைச் செய்தி வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. எங்கே தேடுவது என்றாவது தெரியும். உண்மையில் ராத்தூக்கத்தைக் கெடுப்பது வேறு: ஏபிஐ சரி என்றது, கான்ஃபிகரேஷனைத் திரும்பக் கேட்டாலும் எழுதியது அப்படியே இருக்கிறது, ஆனால் பாக்கெட் மட்டும் சொன்னபடி போகவில்லை. இந்த நிலை தற்செயலாக வருவதல்ல, பல ஏபிஐகளின் வடிவமைப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

பெட்டிக்குள் யார் யார்

வெளியிலிருந்து பார்த்தால் சுவிட்ச் ஒரே பெட்டி. உள்ளே குறைந்தது இரண்டு உலகங்கள். ஒன்று, ஒரு சாதாரண சிபியு. அதன் மேல் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம், பல நேரம் லினக்ஸ்தான். ஏபிஐ, சிஎல்ஐ, ரூட்டிங் புரோட்டோகால் எல்லாம் இங்கே ஓடுகின்றன. இன்னொன்று, பாக்கெட்டுகளை உண்மையிலேயே தள்ளிவிடும் சிப். கோடிக்கணக்கான பாக்கெட்டுகளைச் சிபியு தொடுவதே இல்லை. சிப் தன்னிடமுள்ள அட்டவணைகளைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறது.

அந்த அட்டவணைகள் அளவுக்குட்பட்டவை. குறிப்பாக அனுமதி-மறுப்பு விதிகள் உட்காரும் டிகேம் என்ற நினைவகம் விலை உயர்ந்தது, மின்சாரத்தையும் அதிகம் தின்னும், அதனால் சின்னதாகவே இருக்கும். சிபியு பக்கம் ஜிகாபைட் கணக்கில் இடம் இருக்கும். சிப் பக்கம் சில ஆயிரம் விதிகளுக்கு மேல் இடம் இல்லாமல் போகலாம். ஆக, ஒரு விதி சாஃப்ட்வேரில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, ஹார்டுவேரில் இடம் கிடைக்காமல் வெளியே நிற்பது முற்றிலும் சாத்தியம்.

திறந்த மூலத்தில் இருப்பதால் சானிக் என்ற சுவிட்ச் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் தொடங்கி 2016-இல் வெளியே கொடுத்தது. அதில் ஒரு மாற்றம் போகும் பாதையைப் பாருங்கள். முதலில் ரெடிஸ் டேட்டாபேஸில் உள்ள கான்ஃபிக் பகுதியில் எழுதப்படும். அங்கிருந்து ஒரு புரோசெஸ் எடுத்து அப்ளிகேஷன் பகுதியில் போடும். 'ஆர்கெஸ்ட்ரேஷன் ஏஜென்ட்' என்ற புரோசெஸ் அதைப் படித்துச் சிப்புக்குப் புரியும் பொருட்களாக மாற்றி ஏசிக் பகுதியில் எழுதும். இன்னொரு புரோசெஸ் அதைப் படித்து, 'சாய்' எனப்படும் பொது இடைமுகத்தின் வழியாகச் சிப் தயாரிப்பாளரின் எஸ்டிகே-யைக் கூப்பிடும். எஸ்டிகே கடைசியில் சிப்பின் அட்டவணையில் எழுதும்.

இத்தனை கை மாறுகிறது. இதில் எந்தக் கை நமக்கு 'சரி' என்று சொன்னது? முதல் கை. டேட்டாபேஸில் எழுதி முடித்ததும் கமாண்ட் வெற்றி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு, நமக்குத் தெரியாமல் நடக்கும்.

நெட்கான்ஃபின் பணிவான 'ஓகே'

இந்தத் துறையின் நியாயமான கனவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விமர்சனம் நேர்மையாக இருக்கும். 2002 ஜூனில் இணையக் கட்டமைப்பு வாரியம் அமெரிக்காவில் ஒரு பயிலரங்கு நடத்தியது. நெட்வொர்க் நடத்துகிறவர்களும் புரோட்டோகால் எழுதுகிறவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அதன் சாரம் 2003 மே மாதம் ஆர்எஃப்சி 3535 ஆக வந்தது. நடத்துகிறவர்கள் கேட்டவை எளிமையானவை: கான்ஃபிகரேஷனையும் நடப்பு நிலையையும் எண்ணிக்கைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள், பல கருவிகளில் ஒரே பரிவர்த்தனையாக மாற்றம் செய்ய வழி கொடுங்கள், தனித்தனிப் பெட்டியாக இல்லாமல் முழு நெட்வொர்க்காக யோசிக்க விடுங்கள்.

அப்போது கையிலிருந்த எஸ்என்எம்பி கண்காணிப்புக்கு ஓடியது. கான்ஃபிகரேஷனுக்கு அதைப் பெரிதாக யாரும் தொடவில்லை. அதன் பதில்களைப் பார்த்தாலே காரணம் ஓரளவு புரியும். 1990-இன் முதல் பதிப்பில் 'பிழை இல்லை' என்பதையும் சேர்த்து ஆறே ஆறு பதில்கள். அதில் ஒன்று 'பொதுவான பிழை'. படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒன்றில் எழுதப் போனால், "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வரும். கண்ணெதிரே இருக்கிற வீட்டை "அப்படி ஒரு வீடே இந்தத் தெருவில் இல்லை" என்று சொல்வது மாதிரி.

அந்த இடத்தை நிரப்ப வந்தது நெட்கான்ஃப். 2006 டிசம்பரில் ஆர்எஃப்சி 4741, திருத்தி 2011-இல் ஆர்எஃப்சி 6241. நல்ல வேலை என்பதில் சந்தேகமில்லை. இருபது வகைப் பிழைக் குறிச்சொற்கள், பிழை எந்த இடத்தில் என்று காட்டும் பாதை, மனிதர் படிக்க ஒரு வாக்கியம் எல்லாம் உண்டு. ஆனால் அதன் 'ஓகே'-க்கு என்ன வரையறை தெரியுமா? கோரிக்கையைச் செயலாக்கும்போது பிழையோ எச்சரிக்கையோ எழவில்லை, திருப்பிக் கொடுக்கத் தரவும் இல்லை என்றால் 'ஓகே' போகும். அவ்வளவுதான். இது எதிர்மறை வரையறை. "காரியம் ஆனது" என்று அது சொல்லவில்லை. "கெட்ட செய்தி எதுவும் என் காதுக்கு வரவில்லை" என்கிறது. 'செயலாக்கம்' எங்கே முடிகிறது, சாஃப்ட்வேரிலா சிப்பிலா என்பதைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது.

இன்னொரு இடம் இதைவிட உறுத்தும். பத்து மாற்றங்களை ஒரே கோரிக்கையில் அனுப்புகிறோம். ஆறாவதில் பிழை. என்ன ஆக வேண்டும்? மூன்று தேர்வுகள் உண்டு: பிழை வந்ததும் நிறுத்து, பிழையைத் தாண்டித் தொடர், பழைய நிலைக்குத் திரும்பு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுவது முதலாவது, 'நிறுத்து'. ஓடும் கான்ஃபிகரேஷனில் நேரடியாக எழுதுகிற கருவி என்றால் முதல் ஐந்து மாற்றங்கள் ஏறி உட்கார்ந்தபடியே இருக்கலாம். 'திரும்பு' என்பது கருவி விருப்பப்பட்டால் ஆதரிக்கும் கூடுதல் திறன் மட்டுமே. பரிவர்த்தனை வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, பாதியில் நிற்பதை இயல்பாகவும் பரிவர்த்தனையை விருப்பமாகவும் கொடுத்தது என்ன நியாயம்? எல்லாப் பெட்டிகளிலும் ஓட வேண்டும் என்ற சமரசம் என்று புரிகிறது. ஆனால் அந்தச் சமரசத்தின் சுமை முழுக்கப் பயன்படுத்துகிறவர் தலையில்.

இருபது குறிச்சொற்களில் 'செயல் தோல்வி' என்பதும் ஒன்று. மற்ற எந்த வகையிலும் அடங்காத காரணத்தால் தோல்வி என்று பொருள். அப்படி ஒரு கடைசிப் பெட்டி எந்தப் பட்டியலுக்கும் வேண்டும்தான். ஆனால் சோம்பேறியான ஒரு செயலாக்கத்தில் எல்லாமே அந்தக் கடைசிப் பெட்டிக்குள் போய் விழும். அப்போது இருபது வகை இருந்தும் ஒரே வகைதான்.

நெட்கான்ஃபைப் பாராட்ட ஒரு விஷயம் கட்டாயம் உண்டு: 'உறுதி கேட்கும் கமிட்'. மாற்றத்தைப் போடு, குறிப்பிட்ட நேரத்துக்குள் நான் மறுபடி வந்து உறுதி செய்யாவிட்டால் பழையபடி திரும்பிவிடு. இயல்பான நேரம் 600 விநாடி. செஷன் நடுவில் அறுந்தாலும், 'தங்கியிரு' என்று தனியாகக் கேட்டிருக்காவிட்டால், திரும்பிவிடும். இதன் அழகு என்னவென்றால், பெட்டியின் 'ஓகே'-யை இது நம்பவே இல்லை. நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்கிறது. நான் பார்த்தவரையில் இந்தத் தரத்தின் மிக நேர்மையான பகுதி இதுதான்.

200 என்ற இன்னொரு பொய்யில்லாப் பொய்

அடுத்தது சிஎல்ஐ கமாண்டுகளையே எச்டிடிபி வழியாக அனுப்பும் ஏபிஐகள். அரிஸ்டாவின் ஈஏபிஐ நல்ல உதாரணம். கமாண்டுகளின் பட்டியலை ஜேசன்-ஆர்பிசி கோரிக்கையாக அனுப்பினால் ஜேசனில் பதில் வரும். கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். பிழை வந்தால் மூன்று கமாண்டில் இரண்டாவது தோற்றது என்று எண்ணிட்டே சொல்லும், அதுவரை ஓடியவற்றின் விளைவையும் கூடவே கொடுக்கும். இந்த இடத்தில் நெட்கான்ஃபைவிட இது கனிவானது.

ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி. ஜேசன்-ஆர்பிசி பிழை உள்ளே இருக்கும்போதே எச்டிடிபி நிலை 200 என்று வரும். தபால் ஒழுங்காக வந்து சேர்ந்தது, உள்ளே இருக்கும் செய்திதான் கெட்ட செய்தி. எச்டிடிபி எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் நலம் என்று எழுதிவிட்டுப் போய்விடும். இது ஜேசன்-ஆர்பிசியின் இயல்பு, தனி ஒரு கம்பெனியின் தவறில்லை. ஆனால் "சரி" என்ற சொல் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் கிடையாது. அதோடு, தோற்ற கமாண்டுக்கு முன்னால் ஓடிய கான்ஃபிகரேஷன் கமாண்டுகள் தாமாகத் திரும்பாது. கான்ஃபிகரேஷன் செஷன் ஒன்றைத் திறந்து அதற்குள் வேலை செய்து, கடைசியில் கமிட் கொடுத்தால்தான் பாதி வேலை என்ற அபாயம் போகும்.

ஓப்பன்ஃப்ளோவும் ஆராய்ச்சியாளர்கள் பிடித்த திருட்டும்

இந்தக் கதையில் கூர்மையான அத்தியாயம் ஓப்பன்ஃப்ளோ. 2008-இல் நிக் மெக்கீயோனும் சகாக்களும் எழுதிய கட்டுரையில் தொடங்கி, 2009 டிசம்பரில் 1.0 பதிப்பு வந்தது. சுவிட்சின் அட்டவணையில் வெளியே இருக்கும் ஒரு கன்ட்ரோலர் நேரடியாக விதி எழுதலாம் என்பது யோசனை. சிப்புக்கு இவ்வளவு அருகே வந்த ஏபிஐ அதற்கு முன் பரவலாக இல்லை.

இதில் விதி எழுதும் கட்டளைக்குத் தனியாக 'சரி' கிடையாது. பிழை இருந்தால் மட்டும் பதில். அப்படியானால் ஏறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் 'பேரியர்' என்ற செய்தி. கன்ட்ரோலர் பேரியர் அனுப்பினால், அதற்கு முன் வந்த எல்லாக் கட்டளைகளையும் செயலாக்கி முடித்த பிறகே சுவிட்ச் பேரியருக்குப் பதில் சொல்ல வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஓட்டையே இல்லை.

2014-லும் 2015-லும் மாச்செய் குஸ்னியார், பீட்டர் பெரஷினி, தேயான் கோஸ்டிச் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகள் அந்தக் காகிதத்தை நிஜப் பெட்டிகளோடு ஒப்பிட்டன. 2015 கட்டுரையில் மூன்று ஹார்டுவேர் சுவிட்சுகளை அளந்தார்கள். சுவிட்ச் பேரியருக்குப் பதில் சொல்லிய பிறகும் அந்த விதி சிப்பில் ஏறாமல் இருப்பதைக் காட்டினார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சுவிட்சைக் கேட்கவே இல்லை. உண்மையான பாக்கெட்டுகளை அனுப்பி, அவை எந்த நொடியிலிருந்து புது விதிப்படி நடக்கின்றன என்று பார்த்தார்கள். விவரக்குறிப்பும் செயலாக்கமும் விலகும் இந்த இடத்தைக் கவனிக்காவிட்டால் பாதுகாப்புக்கே ஆபத்து என்று அவர்கள் எச்சரித்தது மிகையல்ல.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாசலை மூடும் விதியை முதலில் போட்டு, பேரியர் பதில் வந்த பிறகு வேறொரு பாதையைத் திறக்கிறோம். வரிசை முக்கியம் என்பதால்தான் பேரியர் வைத்தோம். பதில் முன்கூட்டியே வந்துவிட்டால், பூட்டாத வாசலைப் பூட்டியதாக நம்பிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுகிறோம். லாகைப் பார்த்தால் எல்லாம் சரியான வரிசையில் நடந்ததாகவே இருக்கும். பின்னால் விசாரணை வந்தால் அந்த லாக்தான் சாட்சி. சாட்சியே தவறான நேரத்தைச் சொல்கிறது.

"எல்லாத்தையும் காத்திருந்து சொல்ல முடியுமா?"

சுவிட்ச் செய்கிறவர்கள் தரப்பில் ஒரு வலுவான பதில் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு விமர்சனம் எழுதுவது சுலபம், ஆனால் நியாயமில்லை.

அவர்கள் சொல்வது இதுதான். சிப்பில் எழுதுவது மெதுவான வேலை. டிகேமில் விதிகள் முன்னுரிமை வரிசைப்படி இருக்க வேண்டும் என்பதால், நடுவில் ஒன்றைச் செருக மற்றவற்றை நகர்த்த வேண்டி வரலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் சிப் வரை போய் வந்துதான் பதில் என்றால், லட்சக்கணக்கான ரூட் மாறும் நேரத்தில் பெட்டி திணறும். அதனால்தான் கொத்தாகச் சேர்த்து எழுதுகிறோம், அதனால்தான் முன்பே பதில் சொல்கிறோம். அதோடு, ஒரே ஏபிஐ பத்து விதமான சிப்புகளுக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு சிப்பின் உள்குடும்பச் சண்டையையும் வெளியே சொன்னால் 'பொது இடைமுகம்' என்பதற்கே பொருள் இருக்காது.

இதில் முதல் பாதியை முழுதாக ஏற்கிறேன். உடனே பதில் சொல்வதில் தவறே இல்லை. தவறு, இரண்டு வேறு செய்திகளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில். ரிஜிஸ்டர் தபால் அனுப்பிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கவுன்டரில் கொடுத்ததும் கையில் வருவது ரசீது. பெற்றவர் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வருவது ஒப்புகை அட்டை. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு "கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது" என்று யாரும் வாதிடமாட்டார்கள். ரசீது உடனே வேண்டும், அட்டை பிறகு வந்தால் போதும். ரசீதையே அட்டை மாதிரி நீட்டுவதுதான் பிரச்சினை.

இரண்டாவது பாதியை ஏற்க முடியவில்லை. "இடம் இல்லை, அதனால் ஏறவில்லை" என்று சொல்வதற்குச் சிப்பின் ரகசியம் எதையும் வெளியே விட வேண்டியதில்லை. உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அடுக்கியாயிற்றா, இல்லையா? அதுதான் கேள்வி.

செய்து காட்டியவர்கள்

இது முடியாத காரியமல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு.

லினக்ஸ் கெர்னல் முதலாவது. சிப் உள்ள பெட்டியில் ஒரு ரூட்டைச் சேர்த்தால், கெர்னல் தன் அட்டவணையில் போட்டுவிட்டு வெற்றி என்று சொல்லும். சிப்பில் ஏற்றுவது அதற்குப் பிறகு நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு ரூட்டின் மேலும் ஒரு கொடி உண்டு: ஹார்டுவேரில் ஏறியது, அல்லது இந்தப் பாக்கெட்டுகள் சிபியுவுக்குத் திருப்பப்படுகின்றன. 2021-இல் மூன்றாவது கொடியும் வந்தது: ஹார்டுவேரில் ஏற்ற முயன்று தோற்றது. இந்தக் கொடிகள் மாறும்போது அறிவிப்பு அனுப்பச் சொல்லவும் வழி உண்டு. ஒரே குறை, அந்த அறிவிப்பு இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஓப்பன்கான்ஃபிக் குழுவின் ஜிரிபி. இது கேட்கும்போதே எந்த வகை ஒப்புகை வேண்டும் என்று சொல்லச் சொல்கிறது: சாஃப்ட்வேர் அட்டவணையில் ஏறினால் போதுமா, ஹார்டுவேர் அட்டவணை வரை போன செய்தியும் வேண்டுமா? இரண்டாவதைக் கேட்டால், ஒரே கட்டளைக்கு இரண்டு பதில்கள் தனித்தனியாக வரும். ஹார்டுவேரில் தோற்றால் அதற்கென்று தனி நிலை. ரசீது வேறு, அட்டை வேறு. இவ்வளவுதான் கேட்டோம்.

மூன்றாவது, 2018 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 8342. 'இப்படி இருக்க வேண்டும்' என்ற கான்ஃபிகரேஷனையும் 'இப்படித்தான் இருக்கிறது' என்ற நிலையையும் இரண்டு தனிக் களஞ்சியங்களாகப் பிரித்தது. 2002-இல் கேட்டதற்குச் சுமார் 16 வருஷம் கழித்து வந்த பதில் என்று சொல்லலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. 'இருக்கிறது' என்ற களஞ்சியத்தை நிரப்புவதும் அதே பெட்டியின் சாஃப்ட்வேர்தான். அது சிப்பிடம் கேட்டு எழுதுகிறதா, தன் நினைவிலிருந்து எழுதுகிறதா என்பதைத் தரத்தால் கட்டாயப்படுத்த முடியாது.

நான்காவது, ரூட்டிங் பக்கம். எஃப்ஆர்ஆர் என்ற திறந்த மூல ரூட்டிங் தொகுப்பில் ஒரு வசதி இருக்கிறது: ஒரு ரூட் ஹார்டுவேர் வரை ஏறியது என்று உறுதியாகும்வரை அதை பிஜிபி வழியாக அண்டை ரவுட்டர்களுக்கு அறிவிக்காதே. சானிக்கும் இதைப் பயன்படுத்த வழி செய்திருக்கிறது. தன்னால் இன்னும் நிறைவேற்ற முடியாத வாக்கை ஊருக்குச் சொல்லாதே என்பதுதான் இதன் தர்மம். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அண்டை ரவுட்டர்கள் நம்பிப் பாக்கெட்டுகளை அனுப்பும், இங்கே அவை கீழே விழும், யாருக்கும் பிழைச் செய்தி போகாது.

பழுது பார்க்கும்போது இதை எப்படிப் பயன்படுத்துவது

விமர்சனத்தோடு நின்றால் படித்தவருக்குப் பயன் குறைவு. மேலே சொன்னதிலிருந்து ஒரு தேடும் வரிசை தானாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இந்தச் 'சரி' யாருடையது?

முதலில் இணைப்பு. நெட்கான்ஃப் என்றால் எஸ்எஸ்எச் மேல் 830-ஆம் போர்ட். செஷன் தொடங்கும்போது இரு பக்கமும் தங்கள் திறன்களைப் பட்டியலிட்டு வணக்கம் சொல்லும். பலரும் தாண்டிப் போகும் பட்டியல் அது. கேண்டிடேட் களஞ்சியம் உண்டா, பிழையில் திரும்பும் திறன் உண்டா என்று பெட்டியே அங்கே சொல்லிவிடுகிறது. பின்னால் ஆச்சரியப்பட வேண்டிய பாதி விஷயங்கள் அதில் எழுதியிருக்கும்.

அடுத்து, கோரிக்கை ஏற்கப்பட்டதா. வெளி அடுக்கின் எண்ணைப் பார்த்து நிற்காமல், உள்ளே இருக்கும் பதிலைப் படிக்க வேண்டும். பட்டியலாக அனுப்பியிருந்தால் எத்தனையாவதில் நின்றது, அதற்கு முன்னால் போனவை இன்னும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கான்ஃபிகரேஷனைத் திரும்பப் படிப்பது. இதைச் செய்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறவர்கள் அதிகம். இது நாம் எழுதியதையே நமக்குப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுதியது தொலையவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

நான்காவது, ஹார்டுவேர் பக்கம். சிப்பின் அட்டவணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பல பெட்டிகள் தனி கமாண்டில் காட்டும். லினக்ஸ் வழி என்றால் மேலே சொன்ன கொடிகள். சானிக்கில் ஓர் அருமையான பொருள் உண்டு: சிப் பக்கம் போன ஒவ்வொரு கோரிக்கையையும் நேரத்தோடு பதிந்து வைக்கும் சாய்ரெடிஸ் பதிவுக் கோப்பு. நாம் சொன்னது அதில் இருந்தால், சிக்கல் அதற்குக் கீழே. இல்லாவிட்டால் மேலே. ஒரே கோப்பு, பாதித் தேடல் முடிந்தது. ஏபிஐ எழுதுகிறவர்கள் பழுது பார்க்கிறவரை மனதில் வைத்து யோசித்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு இதைத்தான் காட்டுவேன்.

கடைசியாக, பாக்கெட். அந்த விதியில் பொருந்திய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறுகிறதா? அதுவும் ஐயமாக இருந்தால் ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பார்த்துவிட வேண்டியதுதான். மறுக்க வேண்டியதை அனுப்பி மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும் சோதனையை விட்டுவிட்டு, அனுமதிக்க வேண்டியது போகிறதா என்று மட்டும் பார்ப்பது வழக்கம். அது பாதிச் சோதனை. பூட்டைச் சோதிக்கும்போது சாவி இல்லாமலும் இழுத்துப் பார்க்கணும், இல்லையா?

இதில் யாருக்கு என்ன நஷ்டம்

இதெல்லாம் என்ஜினியர்களுக்குள் நடக்கும் சொற்போர் என்று தோன்றலாம். ஆனால் நெட்வொர்க் ஆட்டோமேஷன் பெருகப் பெருக, மனிதர் திரையைப் பார்த்துச் சந்தேகப்படும் அந்த ஒரு நொடி இல்லாமல் போகிறது. முன்பு சிஎல்ஐயில் கமாண்ட் அடித்தவர், அடித்த கையோடு இன்னொரு கமாண்டில் பார்த்துக்கொள்வார். அது எந்தக் கையேட்டிலும் எழுதாத பழக்கம். ஸ்கிரிப்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 'ஓகே' வந்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். நூறு பெட்டிகளில் ஒரே தவறான நம்பிக்கையை நூறு முறை வேகமாகப் பரப்பிவிடும்.

பிறகு பிரச்சினை வெடித்தால் பழி யார் மேல் விழும்? ஏபிஐ சரி என்று சொன்ன பதிவு இருக்கிறது. ஆகவே "நீதான் ஏதோ தப்பா பண்ணியிருப்பே" என்று ஷிஃப்டில் இருக்கும் இளம் என்ஜினியரைக் கேட்பார்கள். அவர் கையில் இருப்பது ரசீது மட்டும். அட்டையைப் பெட்டி கொடுக்கவே இல்லை. சொற்களின் பொருளை அரைகுறையாக விட்டதன் செலவு, அந்தச் சொற்களை எழுதாதவர் தலையில் விழுகிறது. இந்த விமர்சனத்தில் எனக்கு முக்கியமானது இந்த அநியாயம்தான்.

மாற்றும் வலு வாங்குகிறவர்களிடம் இருக்கிறது. சுவிட்ச் வாங்கும் டெண்டரில் வேகம், போர்ட் எண்ணிக்கை, மின்சாரச் செலவு எல்லாம் விலாவாரியாக இருக்கும். கூடவே மூன்று வரி சேர்க்கலாம். உங்கள் ஏபிஐ 'சரி' என்று சொல்லும்போது விதி எந்த அடுக்கு வரை போயிருக்கும்? சிப்பில் ஏறாவிட்டால் எனக்கு எப்படி, எவ்வளவு நேரத்தில் தெரியும்? பல மாற்றங்களில் ஒன்று தோற்றால் மற்றவை என்ன ஆகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கி, கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனைப் பெட்டியின் அட்டவணையை வேண்டுமென்றே நிரப்பி, அதற்கு மேல் ஒரு விதியை அனுப்பிப் பாருங்கள். அப்போது என்ன பதில் வருகிறது என்பதில் அந்த ஏபிஐயின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும்.